முன்பணம் திரும்பாது, சரி. தேதி ஏன் மாறாது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கப்பல் சுற்றுலா விற்கும் பயண முகவர்களுக்கு,

வணக்கம்.

காசி, ஷீரடி, ராமேஸ்வரம் என்று பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த நீங்கள் இப்போது கப்பலும் விற்கிறீர்கள். தருமபுரி நான்கு ரோடு, கிருஷ்ணகிரி ரவுண்டானா, ஓசூர் பாகலூர் ரோடு என்று எங்கே போனாலும் வெள்ளைக் கப்பல் படம் போட்ட பேனர் கண்ணில் படுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து ஓர் உல்லாசக் கப்பலை அனுப்பி வைத்ததில் இருந்து இந்த ஆசை நம் பக்கமும் பரவிவிட்டது. சென்னையில் ஏறுகிறவர்கள் சிலர். சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றி வருகிறவர்கள் பலர். கடலே இல்லாத இரண்டு மாவட்டங்களில், ஒகேனக்கல் பரிசலைத் தாண்டி வேறு எதிலும் ஏறாத ஜனங்கள் கப்பல் ஏறுவதில் எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் விற்பதிலும் எனக்கு வருத்தம் இல்லை. விற்ற பிறகு ஒரு தேதியை மாற்றிக் கேட்டால் நீங்கள் சொல்கிற பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

"அது நான் ரீஃபண்டபிள் டெபாசிட்டுங்க. ஒண்ணும் பண்ண முடியாது."

இதில் முதல் பாதி, அதாவது முன்பணம் திரும்பாது என்பது, உண்மை. இரண்டாம் பாதி பெரும்பாலும் உண்மை இல்லை. அது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களும் இருக்கிறீர்கள், அவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

கப்பல் நிறுவனங்கள் ஒரே அறையை இரண்டு விலையில் விற்பதுண்டு. முன்பணம் திரும்பக் கிடைக்கும் விலை ஒன்று, திரும்பாத விலை ஒன்று. திரும்பாதது மலிவு. முன்பெல்லாம் ஒரே குடும்பம் இரண்டு மூன்று தேதிகளில் அறை பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடும். நிறுவனத்துக்கு எந்த அறை நிஜமாக விற்றது என்றே தெரியாது. அதனால், "உறுதியாக வருகிறவருக்கு விலை குறைவு, மனம் மாறினால் முன்பணம் எங்களுக்கு" என்று ஓர் ஏற்பாடு வந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே நிறுவனங்கள், முழுப் பணம் கட்டவேண்டிய நாளுக்கு முன்பு தேதியையோ கப்பலையோ மாற்றிக்கொள்ள வழியும் வைத்திருக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று ஒரு மாற்றுக் கட்டணம். அதைக் கழித்துக்கொண்டு முன்பணம் புதிய பயணத்துக்கு நகரும். ராயல் கரீபியன் அமெரிக்காவில் விற்கிற இந்த வகை முன்பதிவுகளுக்குத் தலைக்கு 100 டாலர் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. வேறு சில இடங்களில், ரத்து செய்தால் கட்டணம் போக மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருவார்கள். அதை இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று கெடு இருக்கும். ஆக, பணம் கைக்குத் திரும்பி வராது, பயணம் நகரும். இரண்டும் வேறு வேறு.

இது நமக்குப் புதிதும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு சாவு விழுந்து முகூர்த்தம் தள்ளிப்போனால், மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார். ஆனால் "அடுத்த முகூர்த்தத்துக்குத் தேதி காலியா இருக்கா பாருங்க" என்று நோட்டை எடுத்துப் புரட்டுவார். அந்த நோட்டைப் புரட்டுகிற வேலையைத்தான் நீங்கள் செய்யமாட்டேன் என்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடை பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். எங்களுக்கு மட்டும் நடந்த விஷயமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் திருக்கடையூரில் மணிவிழா முடிந்தது. மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்து, அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போவது என்று முடிவு செய்தார்கள். மூன்று ஜோடி, மூன்று அறை, சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குவது. அட்வான்ஸ் கட்டினார்கள். அந்த ரசீது இப்போதும் என்னிடம் இருக்கிறது. பில் புக்கில் கிழித்த அரைத் தாள். பால்பாயிண்ட் பேனாவில் "குரூஸ் அட்வான்ஸ், 6 பேர்" என்று எழுதி, கீழே தொகை. தொகையின் மேலேயே சாய்வாக ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஆங்கிலத்தில்: நாட் ரீஃபண்டபிள். எந்தக் கப்பல், எந்தத் தேதி, மீதிப் பணம் எப்போது கட்டவேண்டும், மாற்றினால் என்ன ஆகும், ஒன்றும் இல்லை. கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்கூட இல்லை. ஆறு பேர் கடல் கடந்து போவதற்கான ஒப்பந்தம் அவ்வளவுதான். பாலக்கோடு மண்டியில் தக்காளி போட்டால் கொடுக்கிற சீட்டில்கூட இதைவிட விவரம் இருக்கும்.

கொஞ்ச நாளில் சின்ன மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெரிய மருமகள்தான் முதலில் கேட்டாள், "அத்தை, இவளைக் கப்பல்ல ஏத்துவாங்களா?" என்று. நியாயமான கேள்வி. பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தில் நுழைந்துவிடும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. அதற்கு முந்தைய வாரங்களிலும் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். கப்பலில் ஒரு மருத்துவ அறை இருக்கும், பிரசவம் பார்க்கும் வசதி இருக்காது, கரை எட்டாத தூரத்தில் இருக்கும். அதனால் வைத்த விதி. எங்கள் தேதிக்கு அவளுக்கு அந்தக் கணக்கு தாண்டிவிடும். பிரசவத்துக்குப் பிறகு போகலாம் என்றால் கைக்குழந்தைக்கும் விதி இருக்கிறது. ஏறும் நாளில் குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். பெருங்கடல் தாண்டும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம். ஆக, தேதி பல மாதங்கள் தள்ளிப்போக வேண்டும்.

அண்ணன் கடைக்குப் போன் செய்தார். பதில் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது: "அண்ணா, அது நான் ரீஃபண்டபிள். ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா. பேசாம சின்னவங்களை வீட்ல விட்டுட்டு மத்தவங்க போயிட்டு வாங்க. இல்லைன்னா அடுத்த வருஷத்துக்குப் புதுசா போட்டுக்கலாம், உங்களுக்காக ரேட் பேசித் தரேன்."

மாசமான பெண்ணை விட்டுவிட்டு மாமனார் மாமியார் கப்பல் ஏறுவதா என்ற பேச்சு இருக்கட்டும். இந்த யோசனையில் கணக்கும் உதைக்கிறது. கப்பல் அறையின் விலை இரண்டு பேர் தங்குவதாக வைத்துப் போட்ட விலை. ஒருவர் விலகினால் மீதி இருப்பவர், பல சமயம், இரண்டு பேர் பணத்தையும் கிட்டத்தட்ட முழுசாகக் கட்டவேண்டும். சின்ன மகன் தனியாக ஏறி, ஏறாத மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பான். பெயரை நீக்குவதைவிட பெயரை மாற்றுவது எவ்வளவோ மேல். முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவராவது அறையில் இருந்தால் இன்னொருவரின் பெயரை மாற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் விடுகின்றன. மனைவிக்குப் பதில் மச்சானைக் கூட்டிப்போயிருக்கலாம். அதையும் நீங்கள் சொல்லவில்லை.

அண்ணன் மகள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் விதிகளை எடுத்துப் படித்தாள். தேதி மாற்றலாம், இன்ன கட்டணம் என்று நேராகவே போட்டிருந்தது. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "முகவர் வழியாகப் பதிவு செய்தது, அதில் நாங்கள் கை வைக்க முடியாது, அவர்தான் மாற்றவேண்டும்" என்றார்கள். அதுவும் உண்மைதான், உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. திரும்ப உங்களிடம் வந்தால், நீங்கள் நேரடியாகப் பதிவே செய்யவில்லை, பெங்களூரில் உள்ள ஒரு மொத்த விற்பனையாளர் வழியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னீர்கள். அப்புறம் நினைவூட்டல், பதில் இல்லை, திரும்ப நினைவூட்டல். கடைசியில் பெங்களூரில் இருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: மாற்றலாம், தலைக்கு இவ்வளவு கட்டணம், புதிய தேதியின் விலைப்படி மீதி. மாற்றியாகிவிட்டது. முடியவே முடியாது என்றது, கேட்டதும் முடிந்தது.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குப் புரிகிறது. புதுசாக ஒரு டிக்கெட் போட்டால் கமிஷன். பழைய டிக்கெட்டைத் தேதி மாற்றினால் வேலை மட்டும்தான் மிச்சம். பெங்களூருக்குப் போன், மின்னஞ்சல், விலை வித்தியாசக் கணக்கு, வாடிக்கையாளரின் கேள்விகள். அதற்குக் கூலி கேளுங்கள், கொடுக்கிறோம். அட்வான்ஸ் வாங்கும்போதே "தேதி மாற்றினால் என் சேவைக் கட்டணம் இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். எங்களிடம் கடைசியில் பில் இல்லாமல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை வாங்கினீர்கள். கொடுத்தோம். தொகை பெரிதில்லை, பில் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

மாற்றுக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தேதி மாறினால் பழைய விலை செல்லாது, மாற்றுகிற நாளின் விலைதான். பழைய பதிவோடு வந்த சலுகைகளும், இலவச வைஃபை, கப்பலில் செலவழிக்கத் தந்த வரவு போன்றவை, போய்விடலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பழைய விலை தலைக்கு 60,000, கட்டிய முன்பணம் 20,000, மாற்றுக் கட்டணம் 8,500 என்று வைப்போம். புதிய தேதியில் விலை 72,000. மாற்றிக்கொண்டால் மொத்தச் செலவு தலைக்கு 80,500. முன்பணத்தை விட்டுவிட்டு அதே பயணத்தைப் புதுசாகப் போட்டால் 92,000. நீங்கள் "புதுசா போட்டுக்கலாம்ணா" என்று சொன்னது இந்த 92,000-த்தைத்தான். அதே சமயம், வேறு நிறுவனத்தில் அதே மாதிரிப் பயணம் 55,000-க்குக் கிடைக்கிறது என்றால், 20,000 முன்பணத்தைத் தலை முழுகினாலும் 75,000-தான் ஆகிறது. மாற்றுவதைவிட அது லாபம். எது நல்லது என்பது அன்றைய விலையைப் பொறுத்தது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுகிற முகவர்தான் எங்களுக்கு வேண்டும். விலை கூடியதை உடனே சொல்கிறீர்கள். முழுப் பணம் கட்டுவதற்கு முன் அதே பயணத்தின் விலை இறங்கினால், பல நிறுவனங்கள் கேட்பவருக்குப் புதிய விலையைப் போட்டுத் தருகின்றன. அதைப் பார்த்துச் சொன்ன முகவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

முழுப் பணம் கட்டும் நாளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பெரிய கப்பல்களுக்கு அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்பு வரும். அந்த நாள் வரைக்கும் மாற்றம் என்றால் ஒரு கட்டணம். அது தாண்டிவிட்டால் தேதி மாற்றுவதே ரத்து செய்வதாகக் கணக்காகும். பாதி, முக்கால், முழுசு என்று பிடித்தம் படிப்படியாக ஏறும். அதனால் ஒரு வாரம் தாமதமாகப் பதில் சொன்னாலும் வாடிக்கையாளரின் பணம் கரையலாம். நீங்களும் மொத்த விற்பனையாளரும் ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒரு கெடு வைத்திருப்பீர்கள், அதுவும் எங்களுக்குத் தெரியாது. நிறுவனம் வைத்த நாள் எது, நீங்கள் வைத்த நாள் எது என்று இரண்டையும் ரசீதில் எழுதுங்கள்.

நம் மாவட்டத்து ஆட்கள் ஏன் தேதி மாற்றக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஊர் சுற்றும் ஆசையில் மனம் மாறுகிறவர்கள் குறைவு. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் சீசன் பணத்தை நம்பித்தான் அட்வான்ஸ் கட்டுகிறார்கள். 2025 கோடையில் பெங்களூரா மாங்காய் விலை சரிந்து, பழம் மரத்திலேயே கிடந்த தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வருஷம் கப்பலுக்கு மீதிப் பணம் எங்கிருந்து வரும்? ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு லீவு கடைசி நேரத்தில் மறுக்கப்படும். வீட்டில் துக்கம் நடந்தால் வருஷம் திரும்பும் வரை பயணம் வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும் என்பது டிக்கெட் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அட்வான்ஸ் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்தால் இந்தக் கடைசிப் பிரச்சினை வரவே வராது. ஆதாரை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம் என்று அனுப்புகிறீர்களே!

எங்கள் தேதி மாறக்கூடாது என்கிறீர்கள். கப்பலுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்தாலும், வானிலை, துறைமுக அனுமதி, பராமரிப்பு என்று எதைச் சொல்லியும் வழியை மாற்றலாம், ஒரு ஊரைத் தவிர்க்கலாம் என்று இருக்கும். 2022-ல் சென்னையில் இருந்து போன அந்த உல்லாசக் கப்பலே, அனுமதி கிடைக்காமல் புதுச்சேரியில் பயணிகளை இறக்காமல் திரும்பியது பத்திரிகையில் வந்த சேதி. வானிலையும் அனுமதியும் யார் கையிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கர்ப்பமும் சாவும் மாங்காய் விலையும் மட்டும் எங்கள் கையிலா இருக்கின்றன?

ரயிலைப் பாருங்கள். உறுதியான டிக்கெட்டை, வண்டி புறப்பட 24 மணி நேரம் முன்பு வரை, எழுதிக் கொடுத்து அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, மகன், மகள், கணவன், மனைவி பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். தருமபுரி ஸ்டேஷன் கவுன்டரில் இதைச் செய்து தருகிறார்கள். (கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே இல்லை, அது வேறு மடலுக்கு உரிய சங்கதி.) விமானத்தில், பணம் திரும்பாத டிக்கெட்டாகவே இருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி சொல்கிறது. கப்பலிலும் துறைமுகக் கட்டணமும் அரசு வரியும் ஏறிய ஆளுக்குத்தான். ஏறாதவர் கட்டியிருந்தால் திருப்பித் தருவதாகப் பல நிறுவனங்கள் தங்கள் விதியிலேயே சொல்கின்றன. முழுப் பணம் கட்டிய பிறகு ரத்து செய்த எத்தனை பேருக்கு அதை நீங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்?

டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) விஷயமும் இப்படித்தான். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2020 அக்டோபரில் இருந்து வரி பிடிக்கிறீர்கள். அது எங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் கழியவேண்டிய பணம். பயணம் மாறினாலும் ரத்தானாலும் அது எங்கள் பணம். பான் எண்ணே வாங்காமல் "டாக்ஸ்" என்று ஒரே வரியில் எழுதுகிற கடைகளில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் கோபம் வருகிறது. கோபப்படாமல் சான்றிதழைக் கொடுங்கள்.

சட்டத்தை இழுக்க எனக்கு ஆசை இல்லை, ஆனால் "எங்க வேணா போய்க்கோங்க" என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. போக இடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46)-ல், நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று வரையறுக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் ஏற்படும் நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு அபராதம் விதிப்பதும் அதில் அடங்கும். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கை மாநில ஆணையத்தில் போடவேண்டும். சேவைக் குறைபாடு, அதாவது மாற்றித் தரவேண்டியதை மாற்றித் தராதது, மாவட்ட ஆணையத்துக்குப் போகும். தருமபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது, கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினாலே பல கடைகளில் குரல் மாறிவிடுகிறது.

அட்வான்ஸ் என்றாலே பறிமுதல் செய்துகொள்ளலாம் என்ற நினைப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு, நியாயமான நஷ்ட ஈடுதான் கேட்கலாம் என்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனை ஏலத்தில் 78 லட்சம் ரூபாய் முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, பிறகு அதே மனையைப் பல மடங்கு விலைக்கு விற்றது. நஷ்டமே ஆகாதபோது எப்படிப் பறிமுதல் செய்வாய் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. மனை வேறு, கப்பல் அறை வேறு என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். ஆனால் அண்ணன் குடும்பம் விட்ட மூன்று அறைகளை நிறுவனம் கூடுதல் விலைக்கு விற்றிருந்தால், அந்தக் கேள்வி இங்கும் எழும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "கடைசி 2 கேபின், இன்று இரவு வரை மட்டும்" என்று நீங்கள் போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே படம் அடுத்த வாரமும் வருகிறது, அதே கடைசி 2 கேபினோடு. இணைய விற்பனையில் ஆளை ஏமாற்றும் 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவது அதில் ஒன்று. அவசரப்படுத்தி அட்வான்ஸ் வாங்குவதால்தான், விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், பிறகு தேதி மாற்றக் கேட்டு உங்கள் கடை வாசலில் நிற்கிறார்கள். உங்கள் தலைவலியை நீங்களே வாங்குகிறீர்கள்.

எனக்கு வேண்டியது ஒரு தாள், தமிழில், அட்வான்ஸ் ரசீதோடு சேர்த்துத் தருவது. அதில் நிறுவனத்தின் பெயர், முன்பதிவு எண், நடுவில் மொத்த விற்பனையாளர் இருந்தால் அவர் யார் என்பது இருக்கட்டும். முன்பணம் திரும்புமா திரும்பாதா, திரும்பும் வகையை எடுத்தால் எவ்வளவு கூடும் என்று இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். திரும்பும் வகை ஒன்று இருக்கிறது என்பதே பாதி பேருக்குத் தெரியாது. தேதி மாற்ற நிறுவனம் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு, எந்த நாள் வரை; பெயர் மாற்ற முடியுமா; கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் என்ன விதி. டாலரிலோ சிங்கப்பூர் டாலரிலோ விலை இருந்தால், மீதிப் பணத்தை எந்த நாளின் மாற்று விகிதத்தில் வாங்குவீர்கள் என்பதும் வேண்டும். பின்பக்கத்தில் ஆங்கில விதிகள் அப்படியே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேதி மாற்றக் கேட்டு யாராவது வந்தால், முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை நிறுவனத்துக்கோ மொத்த விற்பனையாளருக்கோ எழுதிக் கேளுங்கள். வந்த பதிலை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். நிறுவனமே முடியாது என்று எழுதியிருந்தால் நாங்கள் உங்களோடு சண்டைக்கு வரமாட்டோம், நிறுவனத்தோடு பேசிக்கொள்வோம். வாய்வார்த்தையாக வரும் "முடியாது"தான் எங்களுக்கு ஒப்பவில்லை.

உங்களில் ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறீர்கள். ஓசூரில் ஒரு சின்னக் கடையில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் முழுப் பணம் கட்டும் நாளையும் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். பத்து நாள் முன்பே போன் செய்து, "மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார்" என்று கேட்பாராம் அந்தப் பெண். அவரிடம் கப்பல் பேனர்கூட இல்லை.

கோடை விடுமுறைக்கு நீங்கள் அட்வான்ஸ் வாங்கும் சமயம் நெருங்குகிறது. மேலே சொன்ன தாளை நானே தமிழில் தட்டச்சு செய்து, தொகைகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். பாலக்கோடு பக்கம் வரும் முகவர் யார் கேட்டாலும் தருகிறேன். உங்கள் கடை முத்திரையை அதன் மேல் குத்திக்கொள்ளுங்கள், எழுத்து மறையாமல்.

இப்படிக்கு,
பாலக்கோட்டில் இருந்து,
அடுத்த வருஷம் பேரக்குழந்தையோடு கப்பல் ஏறக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் அத்தை